வெறுங்குப்பி

அகதி முகாமில் என்ன ஏதென்று சொல்லாமல் கருத்தடை ஊசி போட்டவர்களை நினைத்தால் தவமலருக்கு இப்போதும் எரியும். உயிலங்குளத்தில் மீளக் குடியேறிய பிறகு, பிள்ளை வேண்டிப் போன ஆசுபத்திரியிலும் ஒரு ஊசி போட்டார்கள்.

"இண்டைக்கும் நாளைக்கும் மனுசனோட இருங்கோ," என்று தாதி சிரித்தாள்.

அந்தச் சிரிப்புத்தான் நெருடியது. இதுவும் கருத்தடை ஊசியாகத்தான் இருக்கும். தாதி எறிந்த குப்பியைப் பொறுக்கிக்கொண்டு, புருசனிடமும் சொல்லாமல் கீரிக் கிராமத்திலுள்ள அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

நான்காம் நாள் மருந்துக்கடைக்காரர் குப்பியை வாசித்தார்.

"இது ஓமோன் ஊசி, தங்கச்சி, பிள்ளை தங்கிறதுக்குப் போடுறது. சூலகத்தில உறங்கிற மரபணுக்களைத் தட்டி எழுப்பும். அதுகள் வேலை செய்ய, ஒண்டரை நாளில முட்டை வெளியில வரும். பிறகு ஒரு நாள்தான் அதுக்கு உயிர். எப்ப போட்டவை?"

"இன்னும் போடேல்லை," என்று சொல்லி, வெறுங்குப்பியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.