துணிக்கம்பிக்கு மேலே ஓரியன்

கும்மிடிப்பூண்டியில் இருந்துகொண்டு வானத்தைப் படம் பிடிக்கிறேன் என்று ஒருவன் சொன்னால் ஊர் சிரிக்கத்தான் செய்யும். சுற்றிலும் இரும்பு உருக்கும் ஆலைகள். பொழுது சாய்ந்தால் வானத்தில் பாதி ஆரஞ்சு நிறமாகிவிடும். பொங்கல் விடுமுறைக்குத்தான் உலைகளை அணைப்பார்கள். ஆலையில் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் வேலை பார்க்கும் பீட்டருக்கு உண்மையான பண்டிகை அதுதான். கிறிஸ்துமஸுக்குக்கூட இந்த ஆள் இப்படிப் பறந்ததில்லை என்று அவன் மனைவி பிரின்சி சொல்லிக் காட்டுவாள். அதெல்லாம் போன பொங்கல் வரைக்கும்.

போன மாட்டுப் பொங்கலன்று இருட்டிய பிறகு, வீட்டு மொட்டைமாடியில், காய்ந்த துணியை எடுக்க வந்த இடத்தில் பிரின்சி செத்துப்போனாள். கேமரா மாட்டிய டெலஸ்கோப்பைத் தானாகப் படமெடுக்க விட்டுவிட்டு, பீட்டர் பக்கத்து வீட்டில் கோபாலோடு டிவி பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பி வந்தபோது அவள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பாதித் துணி மடித்து பக்கெட்டில் இருந்தது, பாதி இன்னும் கம்பியில் தொங்கியது. ஹார்ட் அட்டாக், கஷ்டப்பட்டிருக்க மாட்டாங்க என்றார் டாக்டர். எல்லாருக்கும் அதைத்தான் சொல்வார்கள் என்று பீட்டருக்குத் தெரியும்.

உண்மை தெரிய அவனிடம் ஒரு வழி இருந்தது. அன்றைக்குக் கேமராவில் இருந்த, படங்கள் பதிந்த மெமரி கார்டு. அதைத் திறக்கத்தான் இத்தனை நாளும் தைரியம் வரவில்லை.

அந்த வீட்டு மாடித் தளம் பலவீனமானது, மிதித்தாலே அதிரும். ஒரு படத்துக்கு இரண்டு நிமிஷம் கேமரா கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும். அதற்குள் பூனை நடந்தால்கூட நட்சத்திரம் புள்ளியாக விழாமல் புழுவாக நெளியும். அப்படிக் கெட்டவற்றைக் கழித்துவிட்டு, மீதியை கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் ஓரியன் நெபுலா, அந்தச் சிவந்த வாயு மேகம், மெல்ல எழும்பி வரும். அதனால் மாடியில் ஒரு சட்டம் இருந்தது. ஒரு படம் முடிந்ததும் 'கிளிக்' என்று கேட்கும். அடுத்தது தொடங்கக் கொஞ்சம் இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில்தான் பிரின்சி நடக்கலாம், கிளிப்பைக் கழற்றலாம், துணியை உருவலாம். மறுபடி கிளிக் கேட்டால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும்.

"இன்னாயா உன் ஸ்டாரு, ஒரு பொம்பள நடந்தா தாங்காதா?" என்று கேட்பாள். ஆனாலும் நிற்பாள், கையில் பாவாடையோடு, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

அவள் விழுந்து துடித்திருந்தால், படிக்கட்டுப் பக்கம் தவழப் பார்த்திருந்தால், அன்றைய நட்சத்திரங்கள் நெளிந்திருக்கும். எத்தனை படம் நெளிந்திருக்கிறதோ அவ்வளவு நேரம் அவள் தனியாகப் போராடியிருக்கிறாள். பீட்டர் பயந்தது அதற்குத்தான்.

இந்த மாட்டுப் பொங்கலுக்கு வானம் கழுவி விட்ட மாதிரி இருந்தது. மனசு கேட்காமல் டெலஸ்கோப்பை மாடிக்குத் தூக்கி வந்து, புதுக் கார்டு போட்டு, படமெடுக்க விட்டான். கோபால் டிபன் டப்பாவில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்தான்.

"இன்னா பீட்டரு, மில்லு மூடுனா நீ கடைய தொறந்துடுற."

"ஒக்காருபா. நடக்காத."

இருவரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். கிளிக். உடனே துணிக்கம்பியில் பிளாஸ்டிக் கிளிப் உரசும் சத்தம் கேட்டது. மறுபடி கிளிக். சத்தம் நின்றது. பிரின்சி போனதிலிருந்து அங்கே யாரும் துணி போடுவதில்லை. பழைய கிளிப்புகள் மட்டும் கம்பியிலேயே கிடந்தன.

"காத்துபா," என்றான் கோபால். காற்றே இல்லை.

அடுத்த கிளிக்கிலும் உரசியது. படம் தொடங்கியதும் அடங்கியது. கோபால் டப்பாவை வைத்துவிட்டு எழுந்தான். "பேஜாராக்குதுபா. எறங்கி வா, எங்கூட்ல வந்து படுத்துக்கோ." பதிலுக்குக் காத்திராமல் இறங்கிப் போனான்.

பீட்டர் போகவில்லை. லேப்டாப்பை எடுத்துவந்து பழைய கார்டைச் சொருகினான். முதல் படம், அதற்கடுத்தது, அதற்கடுத்தது. எல்லாவற்றிலும் நட்சத்திரங்கள் உருண்டையாக, சுத்தமாக இருந்தன. அவள் மேலே வந்திருக்கிறாள், பாதித் துணியை மடித்திருக்கிறாள், ஆனால் ஒரு படத்திலும் ஒரு அசைவு இல்லை. கடைசிப் படம் மட்டும் தாறுமாறாக நெளிந்திருந்தது. அது அவளைப் பார்த்துவிட்டு அவன் ஓடி வந்தபோது எடுத்த படம்.

அவள் துடிக்கவில்லை என்று சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஒரு கணம் பட்டான். பிறகுதான் புரிந்தது. விழுந்திருந்தால் தளம் அதிர்ந்திருக்கும். அவள் விழவில்லை. நெஞ்சில் வலி வந்தபோதும் நின்ற இடத்தில் நின்று, கிளிக் கேட்கும்வரை பொறுத்து, அந்த இடைவெளியில் போய்ச் சுவரோரம் உட்கார்ந்திருக்கிறாள். கூப்பிட்டால் அவன் ஓடி வருவான், படம் கெடும் என்று கூப்பிடக்கூட இல்லை. பாவி, ஒரு படத்தையாவது கெடுத்திருக்கக் கூடாதா?

பின்னால் கிளிக் என்றது. கிளிப் உரசியது. ஈரத் தளத்தில் நடப்பது போல மெல்ல ஒரு காலடி, இன்னொரு காலடி. அடுத்த கிளிக்கில் அதுவும் நின்றுவிட்டது. யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது அவனுக்குத் தெரிந்தது. திரும்பிப் பார்க்கப் பயமாகத்தான் இருந்தது.

"நிக்காத பிரின்சி," என்றான். "நட. கெட்டா கெட்டுட்டுப் போவுது."

பிறகு, படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, கம்பி அசைந்தது. காலடி கம்பியின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போனது, திரும்பி வந்தது, அவன் பக்கத்தில் வந்து நின்றது, மறுபடி நடந்தது. பீட்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அதற்குப் பிறகு எடுத்த படம் ஒன்றுகூட உருப்படியாக வரவில்லை. எல்லா நட்சத்திரமும் நெளிந்திருந்தது. பீட்டர் எதையும் கழிக்காமல் அத்தனையையும் அடுக்கினான்.