பதினான்கு தயவு

இரண்டாவது மனுவுக்கும் அதே பதில்தான் வந்திருந்தது. 'தாங்கள் குறிப்பிட்ட தோட்டத்தில் பிறப்புப் பதிவு எதுவும் காணப்படவில்லை.' நான் படித்துச் சொன்னதும் இருளாயி அக்கா பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவரிடம் இருந்தது சிவப்பு அடையாளக் கார்டு, மலேசியக் குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுப்பது. இங்கே பிறந்ததற்குத் தாள் கிடைத்தால்தான் குடிமக்களின் நீலக் கார்டு கேட்கலாம். இல்லையென்றால் அடுத்த மாதம் வேலை பெர்மிட் முடிந்ததும் சுங்கை சிப்புட்டில் ரப்பர் பால்வெட்டும் போச்சு, தோட்டத்து லயத்து வீடும் போச்சு. 1974இல் ஈப்போவில் எங்கள் ஆபீஸ் பெஞ்சில் இப்படிப்பட்ட முகங்களைத் தினமும் பார்த்தேன். பழகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன்.

முதலாளி விஸ்வலிங்கம் ஐயா மனு எழுதுவதில் பேர் போனவர். அவர் சொல்லச் சொல்ல மலாய் மொழியில் டைப் அடிப்பது என் வேலை. அவர் மனுவைக் கேட்டால் கல்லும் கரையும். கிளார்க்குகள்தான் கரைய மாட்டேன் என்கிறார்கள். அன்றைக்கு எனக்கு ஒரே எரிச்சல். வெளியே மழை வேறு, அக்காவைத் தவிர ஆளில்லை. அவருடைய இரண்டு மனுக்களின் கார்பன் நகல்களையும், காரியம் கைகூடிய வேறு நான்கு மனுக்களையும் பரப்பி, எந்த வார்த்தை எத்தனை தடவை வருகிறது என்று கோடு போட ஆரம்பித்தேன்.

"என்ன பிள்ளை, வேலை நேரத்தில கோடு கீறுறீர்?" என்றார் ஐயா.

"உங்க தயவ எண்ணுறேன் ஐயா. பதினாலு இருக்கு."

தயவு பதினான்கு, ஏழை ஒன்பது, கண்ணீர் ஐந்து. கைகூடிய மனுக்களில் இவை ஒன்றிரண்டுதான். அவற்றில் திரும்பத் திரும்ப வந்தது தோட்டத்தின் பெயர். தோட்டத்துப் பலகையில் இருந்த இங்கிலீஷ் பெயர். அடுத்து டிவிஷன், ஆண்டு, அப்பா பெயர். அக்காவின் மனுக்களிலும் தோட்டம் ஏழு தடவை வந்தது. ஏழு தடவையும் 'ஒத்தப்பாலத் தோட்டம்'! நம் ஆட்கள் கூப்பிடுகிற பெயர். வெள்ளைக்காரத் துரையின் ஏட்டில் அது எப்படி இருக்கும்? கிளார்க்கும், பாவம், இல்லாத பெயரைத் தேடியிருக்கிறார். லயத்தில் பிறந்த நானே யோசிக்காமல் அதை டைப் அடித்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

"அக்கா, தோட்டத்து போர்டுல என்ன பேரு போட்டிருந்துச்சு?"

"எனக்கு எங்க படிக்கத் தெரியும்? தோட்டத்தயே துண்டு போட்டு வித்துட்டாங்க. இப்ப போர்டும் இல்லலா." கொஞ்சம் யோசித்தார். "ஆனா ரப்பர் ஷீட்டு கட்டுல தோட்டத்துப் பேர மை அடிச்சது நான்தான். ஓட்டை போட்ட தகரத்த வச்சுத் தேச்சா எழுத்து விழும். ஆறு வருசம் தேச்சேன்."

"அந்த எழுத்த வரஞ்சு காட்டுங்கக்கா."

ஈரக் குடையில் விரலைத் தொட்டு மேசைமேல் வரைந்தார். இரண்டு தூண், நடுவில் ஒரு குறுக்குக் கட்டை. அடுத்தது கூடாரம். ஒவ்வொன்றுக்கும் கை தகரத்தைப் பிடிப்பதுபோல நகர்ந்தது. பத்து எழுத்து. காய்வதற்குள் ஐயா எழுந்து வந்து வாசித்தார்.

"ஹார்டன்வெல்."

நான் கோடு போட்ட நகல்களைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அந்தத் தயவெல்லாத்தையும் வெட்டும் பிள்ளை. ஒண்டை மட்டும் விடும்," என்றார்.

புது மனு அரைப் பக்கம். ஹார்டன்வெல் ஆறு தடவை.

பெர்மிட் முடிய ஒன்பது நாள் இருக்கும்போது பதில் வந்தது. பிறப்புப் பத்திர நகலே உள்ளே இருந்தது. அக்கா அழுவார் என்று கைக்குட்டையோடு தயாராக இருந்தேன்.

"சூராட்டுல, அந்தத் தாள்ல, அப்பா பேரு இருக்கா?"

"சன்னாசின்னு இருக்குக்கா. வருசம், டிவிஷன் எல்லாம் இருக்கு."

"அப்ப நான் இங்கதான் பொறந்தேன்," என்றார், யாரையோ அதட்டுவதுபோல.

எனக்கு அப்பாடா என்றிருந்தது. அதற்குமேல் அழகாகச் சொல்ல எனக்கு வராது. நீலக் கார்டு மனுவுக்குத் தாளைச் சொருகிவிட்டு, வீட்டு முகவரி கேட்கத் திரும்பினேன். அக்கா பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டிருந்தார். எத்தனை நாள் தூக்கமோ, வாய் லேசாகத் திறந்திருந்தது. நான் டைப்ரைட்டரிலிருந்து கையை எடுத்தேன். ஐயா சத்தமில்லாமல் மேசை விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்தார். காற்றில் மடியிலிருந்த பத்திரம் படபடத்தது. அவர் விழிக்கவில்லை. கட்டைவிரல் மட்டும் நகர்ந்து வந்து அதை அழுத்திப் பிடித்துக்கொண்டது.