மூன்று செருமல்

அலுவலகத்தில் அவளைப் பாட்டுக்காரி என்பார்கள். இசைக்குழுவில் பத்திரிகை என்பார்கள். இரண்டு இடத்திலும் விருந்தாளியாகவே இருந்து அவளுக்குப் பழகிவிட்டது.

காலை ஆறு மணிக்கு நாளிதழின் இணையதளத்தில் அவளுடைய ஒலிச்செய்தி வெளியானது. பத்து மணிக்கு ஒத்திகைக்கு வந்து கிடாரை மடியில் வைக்கும்போது நாற்பதாயிரம் பேர் கேட்டிருந்தார்கள். பேசியவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். இருபது மாடிக் குடியிருப்பு ஒன்றில் இடது பக்க லிஃப்ட்டின் கம்பிக்கயிறு தேய்ந்து, இழை இழையாகப் பிரிந்துகொண்டிருக்கிறது. அங்கே வேலை பார்க்கும் ஐந்து மெக்கானிக்குகளும் மேலாளரிடம் சொல்லியாகிவிட்டது. சான்றிதழில் மட்டும் 'நல்ல நிலை' என்று கையெழுத்து விழுந்திருக்கிறது. "அதுல நான் ஏற மாட்டேன். என் பிள்ளைங்களையும் ஏத்த மாட்டேன்" என்று முடித்திருந்தார். குடியிருப்பின் பெயர் செய்தியில் இருந்தது. அவர் பெயர் இல்லை.

டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து அத்தை மகன் கூப்பிட்டான். "ஏய் பத்திரிகை, உன் ஆளு என்னைவிட நல்லா வாசிக்கிறாருடி."

"எந்த ஆளு?"

"உன் லிஃப்ட்டுக்காரர்தான். கேளு." குச்சியால் தட்டினான். டக், டக், சின்ன இடைவெளி, டக். உடனே குரலைக் கனமாக்கி, "அதுல நான் ஏற மாட்டேன்" என்றான். மறுபடி டக், டக், டக். "ஒவ்வொரு வரிக்கும் முன்னாடி மூணு செருமல். ஒரு இடத்துலகூடத் தப்பல. குரலை மாத்தினே, சரி. இதை யாரு மாத்துறது?"

அவன் சிரித்தான். அவள் கிடாரைக் கீழே வைத்தாள்.

பெயரை மறைக்கிற ஆள் என்றால் அவர் சொன்னதை வேறொருவர் படிக்க வேண்டும் என்பது அந்தப் பத்திரிகையின் வழக்கம். நேற்று மாலை செய்தி ஆசிரியர் அதைத்தான் சொன்னார். இவள் கேட்கவில்லை. "படிச்சா படிச்ச மாதிரிதான் சார் இருக்கும். சுருதியை இறக்கிட்டேன். அவரு சம்சாரத்துக்கே அடையாளம் தெரியாது" என்றாள். "பாட்டுக்காரி சொன்னா சரி" என்று அவரும் விட்டுவிட்டார். உண்மை என்னவென்றால், அந்தச் செருமல் அவளுக்குப் பிடித்துப்போயிருந்தது. ஓரிடத்தில் இரண்டுதான் இருந்தது என்று வேறிடத்திலிருந்து ஒன்றை வெட்டி ஒட்டியும் வைத்திருந்தாள். தாளம் இடிக்கக் கூடாதே.

மெக்கானிக்கின் போன் அணைந்திருந்தது. செய்தி ஆசிரியரை அழைத்து ஒலிப்பதிவை எடுத்துவிடச் சொன்னாள். "எடுத்துடலாம்மா. கேட்டவங்க காதுலேருந்து எப்படி எடுக்கறது?" என்றார் அவர். அவள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

குடியிருப்பின் கீழ்த்தளத்தில் இரண்டு லிஃப்ட்டுகள். இடது பக்கக் கதவின் முன்னால் 'பராமரிப்புப் பணி' என்ற பலகை நின்றது. அதற்கெதிரே ஐந்து பேர் வரிசையாக, ஒரே நிறச் சட்டையில். வெள்ளைச் சட்டை போட்ட மேலாளர் ஒருவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே நடக்குது?" என்று காவலாளியிடம் கேட்டாள்.

"பாதுகாப்பு விதியெல்லாம் சத்தமாப் படிக்கணுமாம். ஒவ்வொருத்தரும் ஒரு பக்கம். பள்ளிக்கூடம் மாதிரி இருக்கு, போங்க" என்றார் அவர் வாயைப் பொத்தியபடி.

எத்தனையோ குரல் தேர்வுகளில் அவள் நின்றிருக்கிறாள். கண்ணை மூடிக் கேட்பவர்களின் முகம் அவளுக்குத் தெரியும். இவர் வார்த்தைகளைக் கேட்கவில்லை.

மூன்றாவது ஆள் அவளுடைய மெக்கானிக். தாளை வாங்கினார். முதல் வரி சுத்தமாக வந்தது. இரண்டாவதும் வந்தது. அவர் கழுத்து நரம்பு புடைப்பதும், கண்ணில் நீர் கோப்பதும் தூண் மறைவிலிருந்து அவளுக்குத் தெரிந்தது. விதி நான்கு. விதி ஐந்து. அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஆறாவதில் அவர் நின்றார். எச்சில் விழுங்கினார்.

டக், டக். டக்.

மேலாளர் கண்ணைத் திறந்தார். அவர் முகத்தில் கோபமே இல்லை.

"போதும். மத்தவங்க சாப்பிடப் போங்க." எழுந்து போய்ப் பலகையை எடுத்துச் சுவரோரம் சாய்த்து வைத்தார். "நான் யாரையும் எதுவும் கேக்கலண்ணே. இந்த லிஃப்ட்டைப் பத்தி ஊரே என்னென்னவோ பேசுது. நீங்க சீனியர். ஒரு தடவை மேல போய்ட்டு வந்துட்டீங்கன்னா எல்லார் வாயும் அடைஞ்சிடும்."

மெக்கானிக் அவரைப் பார்த்தார். கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். உள்ளே போய்த் திரும்பி நின்றபோது தூணருகே அவளைப் பார்த்துவிட்டார். தெரிந்தவர் பார்க்கிற பார்வையாக அது இல்லை. அத்தனை கவனமாக அவளைத் தெரியாதவளாக்கினார்.

கதவுகள் நெருங்கின. அவள் ஓடிப்போய் நடுவில் காலை வைத்தாள்.

"நீங்க யாரும்மா?" என்றார் மேலாளர்.

"பத்திரிகை."

"அப்படியா! ரொம்ப நல்லதாப் போச்சு. கேட்டு எழுதறதைவிட ஏறிப் பார்த்து எழுதுங்க." கையை உள்ளே நீட்டி இருபதை அழுத்தினார். அவர் ஏறவில்லை. "எனக்கு டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காரு. படியில வர்றேன்."

"இறங்கிடுங்கண்ணே" என்று அவள் உள்ளே நுழைந்து மெக்கானிக்கின் கையைப் பிடித்தாள். அதற்குள் கதவு மூடிக்கொண்டது. தரை ஒருமுறை அதிர்ந்து மேலே எழும்பியது. கண்ணாடிச் சட்டத்துக்குள் 'நல்ல நிலை' என்ற சான்றிதழ் ஆடியது. தலைக்கு மேலே ஏதோ ஒன்று, கிடாரின் தடித்த தந்தியை அளவுக்கு மீறி முறுக்கும்போது வருமே, அந்த ஒலியில் முனக ஆரம்பித்தது. மாடிக்கு மாடி அதன் சுருதி ஏறியது.

மெக்கானிக் இப்போது எதையும் அடக்கவில்லை. நிதானமாக மூன்று முறை செருமினார். அவள் கையில் தொங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தார்.

"அந்த ஹெல்மெட்டைப் போட்டுக்கோ, தங்கச்சி."