மஞ்சள் பல்பு

ஜன்னலைச் சாத்தி, அறையிலிருந்த வெள்ளை பல்பைக் கழற்றிவிட்டு அவள் மஞ்சள் பல்பை மாட்டி இரண்டு நாளாகிறது. அந்த வெளிச்சத்தில் சுவர், தலையணை, எட்டிப் பார்த்த அம்மா, எல்லாமே மஞ்சள். அவள் கண்ணை மட்டும் யார் தனியாகக் கவனிக்கப்போகிறார்கள்?

போன மாதம் டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டினார். கல்லீரலிலிருந்து இறங்கும் பித்தக் குழாய்கள் அழற்சியில் அங்கங்கே சுருங்கி, அங்கங்கே புடைத்து, மணி கோத்த மாலைபோல இருந்தன.

"குளிர் ஜுரம் வந்தாலோ, கண்ணு மஞ்சளானாலோ அன்னிக்கே வந்துடணும்மா. கிருமி ரத்தத்துல ஏறினா உயிருக்கே ஆபத்து. வாய் வழியா குழாய் விட்டு, சுருங்கின இடத்தை பலூனால விரிச்சுடலாம்."

வாய் வழியா என்றதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் அவள் காதில் ஏறவில்லை.

இப்போது நடுராத்திரி. உள்ளங்கை அரிப்பில் தூக்கம் வருவதும் போவதுமாக இருந்தது. கண்ணை மூடினால் அந்த மாலை அறுந்து, மணிகள் ஒவ்வொன்றாகக் கூரையை நோக்கி மிதந்தன. பல் தந்தியடிக்க, போர்வையோடு தண்ணீர் குடிக்க எழுந்து போனாள். தரை பஞ்சாக அமுங்கியது.

பெயிண்டரான அப்பா, ஒரு கடையை மூடிய பிறகு அதற்குப் பெயிண்ட் அடித்துவிட்டு அப்போதுதான் வந்து, சமையலறையில் விரல் இடுக்கிலிருந்த பெயிண்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னடி, பேயாட்டம் வர்றே? ரூம்ல எதுக்கு அந்த பல்பு, ஓட்டலா நடத்துறே?"

"சும்மாதாம்ப்பா."

"அந்த வெளிச்சத்துல நான் ஒரு கலரையும் நம்பமாட்டேன்."

அவள் பிரிட்ஜைத் திறந்தாள். வெள்ளை வெளிச்சம் காலில் விழுந்தது. மூடிவிடலாம். மூடவில்லை. குனிந்து முகத்தை அதற்குள் நீட்டினாள்.

"அப்பா, என் கண்ணு என்ன கலர்னு பாருங்க."

அவர் கட்டைவிரலால் இமையை இழுத்துப் பார்த்தார். நெற்றியைத் தொட்டார்.

"எத்தனை நாளா?"

"ரெண்டு. குழாய் விடுவாங்கன்னு பயந்து சொல்லல."

"மயக்க ஊசி போட்டுத்தான் விடுவோம்னு டாக்டர் சொன்னாரே!"

"அதுக்குள்ள எனக்குக் காது அடைச்சிடுச்சுப்பா."

"ஏணி உச்சியில நின்னப்பகூட நான் இப்படிப் பயந்ததில்லடி. போ, அம்மாவை எழுப்பு."

விடியும் முன்பே ஆஸ்பத்திரியில் அவள் கையில் மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. குழாய் போனதும் வந்ததும் அவளுக்குத் தெரியாது. மணிகள் மிதந்தது மட்டும் நினைவிருந்தது.

நான்கு நாள் கழித்து, ஆஸ்பத்திரி ஜன்னலோரம் அவள் முகத்தை வெயிலுக்குத் திருப்பிக் கண்ணைப் பார்த்தார் அப்பா.

"இப்ப கிரீம். வெள்ளைக்கு இன்னும் ரெண்டு கோட்டிங் வேணும்."