தோளில் இருந்த கை

என் உடுப்பைப் பற்றி அண்ணன் சயன் ஒருநாளும் அக்கறைப்பட்டதில்லை. அன்று காலை லோசான் சுற்றுலா முகாம் திடலில், அவன் வாடகைக்கு எடுத்த வோன்மொபில் என்ற வீட்டு வண்டிக்குள் நான் தலை வாரிக்கொண்டு நிற்கும்போது, "தக்ஷி, அந்த நீலச் சுடிதாரைப் போடு. மீன்காட்சியகத்தில தொட்டிக்கு முன்னால படம் வடிவா வரும்" என்றான். அப்போதே எனக்கு மூளை வேலை செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. போட்டேன்.

அவனை நம்பக் காரணம் இருந்தது. ஜேசனைப் பற்றி வீட்டில் அவனுக்கு மட்டும்தான் தெரியும். ஜேசன் மன்னார்ப் பக்கம், கத்தோலிக்கக் குடும்பம். நாங்கள் வெள்ளி தவறாமல் கோயிலுக்குப் போகிறவர்கள். அம்மா இறந்த பிறகு அப்பாவிடம் இதைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. அதனால் சயனிடம் சொன்னேன். ஷாஃப்ஹவுசன் அருவியடியில் நானும் ஜேசனும் நிற்கும் படத்தையும் அனுப்பினேன். "நல்ல சோடி" என்று உடனே பதில் எழுதினான். "அப்பாவோட நான் கதைக்கிறன். நீ வாயைத் திறக்காத" என்றான்.

பிறகு இந்தப் பயணத்தை ஒழுங்கு செய்தான். ஓல்டன் வீட்டில் அப்பாவுக்கு வேலையும் ரிவிப் பெட்டியும்தான். பயணத்தில் ஆறுதலாகக் கதைக்கலாமாம். வழி நெடுக நான் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். மனிதர் ஒரே சந்தோஷம். வண்டிக்குள் இருந்த குட்டி அடுப்பில் எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்தார். சயன் கதைத்துவிட்டான், அப்பாவுக்குச் சம்மதம் என்று நினைத்து மனதுக்குள் துள்ளினேன். எவ்வளவு பெரிய மடைச்சி நான்!

மீன்காட்சியகம் இருட்டும் நீல வெளிச்சமுமாக நன்றாகத்தான் இருந்தது. அமேசன் மீன்கள் நீந்தும் பெரிய தொட்டிக்கு முன்னால், பட்டுச்சேலை கட்டிய ஒரு பெண்மணி நின்றார். பக்கத்தில் கோட்டுப் போட்ட ஒருவன் வியர்த்துக்கொண்டு நின்றான். மீன் பார்க்க யாராவது பட்டுச்சேலை கட்டுவார்களா?

"அட, யசோதரா அன்ரி! நீங்களும் இஞ்சயோ?" என்றான் சயன்.

"ஓமப்பு, என்ர மகன் ஆருஷுக்கு மீனெண்டால் உயிர்" என்றார் அவர். கோட்டுக்காரன் ஒரு மீனைக்கூடப் பார்க்கவில்லை.

எனக்கு விளங்கிவிட்டது. பிடிக்காவிட்டால் இரண்டு பக்கத்துக்கும் வெட்கம் வரக்கூடாது என்று நம்மவர்கள் கோயிலில் தற்செயலாகச் சந்திப்பதுபோலப் பெண் பார்ப்பார்கள். கோயில் என்றால் நான் உசாராகிவிடுவேன் என்று தெரிந்துதான், கள்ளன், என்னை மீன் பார்க்கக் கூட்டி வந்திருக்கிறான்.

அன்ரி என்னை மேலும் கீழும் பார்த்தார். "படத்தில பாத்ததைவிட நேரில வடிவு."

"எந்தப் படம், அன்ரி?"

தன் போனை நீட்டினார். அருவி. நான். சிரிப்பு. ஜேசன் நின்ற பக்கம் இல்லை. அவனை வெட்டியவனால் என் தோளில் கிடந்த அவன் விரல்களை மட்டும் வெட்ட முடியவில்லை.

"கேக்கவேணும் எண்டு நினைச்சனான். இது ஆற்ற கை, பிள்ளை?"

சயன் முந்திக்கொண்டான். "அது என்ர கை, அன்ரி."

ஜேசனை மறைத்ததைக்கூடப் பொறுத்திருப்பேன். நான் நம்பிக் கொடுத்த படத்தை வைத்தே என்னை விலைபேசியிருக்கிறான்.

"அப்பா, இது உங்களுக்குத் தெரியுமோ?"

அப்பா திகைத்தார். "நீ ஓம் எண்டு சொன்னனீ எண்டுதானே சயன் சொன்னவன். உனக்கு வெக்கமாம், ஒண்டும் கேக்கவேண்டாம் எண்டவன்."

அந்தத் தேத்தண்ணியெல்லாம் இதற்குத்தானா?

சயன் என் முழங்கையைப் பிடித்தான். "இஞ்ச வச்சு மானத்தை வாங்காத. உன்ர நன்மைக்குத்தான் செய்தனான்."

கையை உதறினேன். "அன்ரி, இது அண்ணான்ர கை இல்லை. ஜேசன்ர கை. நான் கட்டப்போற ஆள். மிச்ச ஆளை அண்ணா வெட்டிப்போட்டான்."

அன்ரி சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, மகனையும் இழுத்துக்கொண்டு போனார். போகும்போது ஆருஷ் என்னைப் பார்த்து மெதுவாகத் தலையசைத்தான். அவனையும் ஏதோ சொல்லித்தான் கூட்டி வந்திருப்பார்கள்.

என் போனில் முழுப் படத்தையும் எடுத்து அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கனநேரம் ஜேசனைப் பார்த்தார். பிறகு படத்துக்குக் கீழே சயன் எழுதியிருந்ததை வாசித்தார்.

"நல்ல சோடி எண்டு நீதானேடா எழுதியிருக்கிறாய்?"

"அது சும்மா எழுதினது, அப்பா. இவள் அழாமல் இருக்கட்டும் எண்டு."

அந்த இரண்டு சொல்லை நான் எத்தனையோ தரம் எடுத்து வாசித்திருக்கிறேன். வேலைக்குப் போகும் ரயிலில் வாசித்திருக்கிறேன். ஜேசனுக்கும் காட்டியிருக்கிறேன், எங்கள் பக்கம் ஒரு ஆளாவது இருக்கிறான் என்று.

அதுவரை அழாதவள், அப்போதுதான் அழத் தொடங்கினேன்.