வனிதா மேடம் பிடித்த ஸ்பேனர்

ஒரு விமான கம்பெனி தன் மெக்கானிக்குகளை ஏற்காட்டுக்குக் கூட்டிப்போய் இரண்டு நாள் சோறு போடுகிறது என்றால், அவர்களிடமிருந்து எதையோ பிடுங்கப் போகிறது என்று அர்த்தம். ஜெயபிரகாஷுக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்தும் முதல் ஆளாகப் பெட்டி கட்டினான். காரணம், ஏற்காடு அவனுக்குச் சுற்றுலாத் தலம் அல்ல. பக்கத்துக் கொட்டச்சேட்டில்தான் அவன் மனைவி மேனகா இருந்தாள். சென்னையில் விமானம் பழுதுபார்க்கும் ஹேங்கரில் வேலை பார்த்துக்கொண்டு மாதத்துக்கு ஒருமுறை புருஷனாக வந்துபோகிறவனுக்கு, கம்பெனி செலவில் ஒரு தடவை கூடுதலாகப் புருஷனாக இருக்கக் கிடைத்தால் கசக்குமா?

கம்பெனி பிடுங்க நினைத்தது ‘ரெண்டாம் பார்வை’யை. ஹேங்கரில் அது பழைய வழக்கம். எந்த வேலையானாலும் செய்தவனே ‘சரி’ என்று சொல்லிவிட முடியாது. அந்த வேலையில் கை வைக்காத இன்னொருவர் வந்து, தொட்டு, இழுத்து, அழுத்திப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். இனிமேல் பாதி வேலைகளுக்கு அது வேண்டாம், செய்தவரே பார்த்துக்கொள்ளலாம், விமானம் சீக்கிரம் கிளம்பும் என்று மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்திருந்தது. ஹேங்கரில் ஓடாத காற்றாடியைப் பற்றி வருஷம் முழுக்க எழுதிக் கேட்டும் பதில் போடாத மேலிடம், இதை மட்டும் வண்ண அச்சில் அனுப்பியிருந்தது.

அதைப் பக்குவமாகச் சொல்லத்தான் பராமரிப்புப் பிரிவு மேலாளர் வனிதா ரிசார்ட்டில் பலூன் கொடுத்தார். மனக்குறையை அதில் எழுதி, ஊசியால் குத்தி, சிரிக்க வேண்டுமாம். எல்லோரும் குத்தினார்கள். முப்பது வருஷ சர்வீஸ்காரர் ஜீவானந்தம் மட்டும் ‘ரெண்டாம் பார்வை’ என்று எழுதி, குத்த மறுத்து, கல்யாண வீட்டுக் குழந்தை மாதிரி பலூனைக் கையில் பிடித்துக்கொண்டே திரிந்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் வனிதா ஜெயபிரகாஷைத் தனியே கூப்பிட்டார்.

“சேலத்துக்கு நம்ம ஃப்ளைட் வரப்போகுது. அங்க ஒரு டெக்னீஷியன் போஸ்டிங் இருக்கு. உங்க ஊரு. போறீங்களா?”

“ஒருத்தர் மட்டுமாங்க மேடம்?”

“ஒருத்தர்தான். புது முறை வந்துட்டா ஒருத்தரே போதும். நாளைக்கு மலை இறங்கறதுக்குள்ள சொல்லுங்க.”

அன்றைக்கு ராத்திரி கொட்டச்சேட்டு வீட்டுக்குப் போய் மேனகாவிடம் சொன்னான். அவள் கறிவேப்பிலை கிள்ளுவதை நிறுத்தவே இல்லை. ஆனால் கிள்ளியதையெல்லாம் காப்பித் தூள் டப்பாவில் போட்டாள்.

“தெனமும் ஊட்டுக்கே வந்துருவீங்களா?”

“தெனமும்.”

“நான் நொம்ப சந்தோசப்படறேன்னு நெனச்சுக்காதீங்க” என்றவள், திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை மதியம் வேனில் ஏறும்போது அவன் நெஞ்சில் ‘சரிங்க மேடம்’ என்ற வார்த்தை தயாராக இருந்தது. பக்கத்து சீட்டில் பலூனோடு ஜீவானந்தம் இருந்ததால் அது வாய்வரை வந்து வந்து திரும்பியது. அவனுக்கு வேலை கற்றுக்கொடுத்து, அவன் கல்யாணத்துக்கு மொய்யும் எழுதிய மனுஷன். அவரிடம் போய் ‘நான் ஒத்தை ஆளாகக் கையெழுத்துப் போடப் போகிறேன்’ என்று எப்படிச் சொல்வது? நேற்றிலிருந்து அவன் அவரிடம் வானிலை பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்தான்.

மலைப்பாதையில் பாதி வளைவுகள் இறங்கியபோது வேன் ஒரு பக்கமாக இழுத்தது. பின்சக்கரம் பஞ்சர். டிரைவர் சின்னராஜ் ஏற்காட்டுப் பக்கத்து வெள்ளக்கடை ஊர்க்காரர். ஓரம் கட்டிவிட்டு ஸ்டெப்னியை உருட்டி வருவதற்குள் சக்கரத்தைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது.

“ஏனுங்க சார், நீங்கெல்லாம் ஒக்காருங்க. நான் ஒருத்தனே மாத்திருவனுங்க.”

“ஏரோப்ளேனுக்கே சக்கரம் மாத்தறவங்கப்பா நாங்க. நீ போய் டீ குடி” என்றார் ஜீவானந்தம்.

இரண்டு நாளாகப் பலூன் ஊதிக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரு நிஜமான சக்கரம் கிடைத்ததில் தலைகால் புரியவில்லை. வேன் உருளாமல் இருக்க மற்ற சக்கரங்களுக்குக் கல் அடை கொடுத்தார்கள். சின்னராஜின் துண்டைப் பிடுங்கி விரித்து, அவருடைய பெட்டியில் இருந்த சாமான்களையெல்லாம் வரிசையாக வைத்தார்கள். ஹேங்கர் வழக்கம் அது: எடுத்த ஒவ்வொரு சாமானும் திரும்பி வந்தால்தான் வண்டி நகரும். ஜெயபிரகாஷ் ஸ்டெப்னியை மாட்டி, ஆறு நட்டையும் கையால் முடுக்கினான். ஜாக்கி இறங்கியது. சக்கரம் தரையைத் தொட்டது.

“ஜாக்கிக் கம்பி எங்கப்பா?” என்றார் ஜீவானந்தம்.

துண்டில் கம்பியின் இடம் காலியாக இருந்தது. அவ்வளவுதான். விமானத்துக்குள் ஒரு ஸ்பேனர் விடுபட்டுப்போன மாதிரி அலறிப் புடைத்துக்கொண்டு தேடினார்கள். வேனுக்கு அடியில் ஒருவர் படுத்தார். புதருக்குள் ஒருவர் போனார். சின்னராஜ் தலையில் கை வைத்து, “அந்தக் கம்பி போனாப் போகுதுங்க, அம்பது ரூவாய்க்கு வேற வாங்கிக்கறனுங்க” என்று கெஞ்சினார். யாரும் கேட்கவில்லை. கடைசியில் அது தடுப்புச் சுவரில் வனிதாவின் கைப்பைக்குப் பின்னால் கிடைத்தது. அவருடைய பிஸ்கட்டுக்கு வந்த குரங்கை விரட்ட அவரே எடுத்தது.

“இப்பப் போலாமா, இல்ல குரங்கு கிட்டயும் கையெழுத்து வாங்கணுமா?” என்றார் வனிதா.

எல்லோரும் சிரித்துக்கொண்டே ஏறத் தொடங்கினார்கள். வனிதாவுக்கும் விளையாட்டுப் பிடித்துக்கொண்டது.

“இருங்க இருங்க. செஞ்சவங்க பாக்கக் கூடாது, அதானே உங்க சட்டம்? இதுல கை வைக்காத ஆளு நான்தான்” என்று துண்டிலிருந்து வீல் ஸ்பேனரை எடுத்தார். ஜீவானந்தத்தின் நடையையே காப்பியடித்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, முதல் நட்டில் மாட்டி ஒரு விரலால் அழுத்தினார்.

ஸ்பேனர் சுற்றியது.

வனிதா சிரித்துக்கொண்டே அடுத்ததில் மாட்டினார். அதுவும் சுற்றியது. மூன்றாவதில் அவர் சிரிப்பு நின்றது.

“இது... இப்படித்தான் இருக்குமா?”

கீழே அடுத்த வளைவில் ஒரு பஸ் ஹார்ன் அடித்தது. ஜெயபிரகாஷ் ஓடி வந்து நட்டைத் தொட்டுப் பார்த்தான். கையால் முடுக்கியதோடு சரி. சக்கரம் தரையைத் தொட்ட பிறகு இறுக்க வேண்டியதை, கம்பி தேடும் அவசரத்தில் அவன் மறந்துவிட்டான். அவன் இறுக்கியிருப்பான் என்று ஜீவானந்தம் நினைத்திருந்தார். விமானத்துக்கே சக்கரம் மாட்டுகிற பத்துப் பேர் சுற்றி நின்று, ஐம்பது ரூபாய்க் கம்பியைக் கண்டுபிடித்துவிட்டு, ஆறு நட்டைக் கோட்டை விட்டிருந்தார்கள்.

“நான் ஒருத்தனே மாத்தறன்னு அப்பவே சொன்னனுங்க” என்றார் சின்னராஜ் மெதுவாக.

“என் தப்புதானுங்க மேடம்” என்றான் ஜெயபிரகாஷ்.

வனிதா அவனைத் திட்டவில்லை. ஸ்பேனரை யாரிடமும் கொடுக்கவும் இல்லை. புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஸ்பேனர் மேல் ஏறி நின்றே ஆறு நட்டையும் இறுக்கினார். ஜீவானந்தம் பலூனை வேனுக்குள் போட்டுவிட்டு வந்து, மேடம் கீழே விழாமல் இருக்கக் கை கொடுத்தார்.

வேன் மெதுவாக அடிவாரம் வந்து சேர்ந்தது. டீக்கடையில் இறங்கியதும் வனிதா அவன் பக்கம் வந்தார்.

“சேலம் என்ன சொல்றீங்க?”

மேனகா காப்பித் தூளில் போட்ட கறிவேப்பிலை ஞாபகம் வந்தது. ஜெயபிரகாஷ் டீயை ஒரு வாய் குடித்தான். சுட்டது.

“வரணும்னு நொம்ப ஆசைங்க மேடம். ஆனா கூட ஒரு ஆளு போட்டீங்கன்னாதான் வருவேன். நான் எப்படிப்பட்ட ஆளுன்னு இன்னைக்கு நீங்களே பாத்துட்டீங்க.”

ஜீவானந்தம் டீ கிளாஸோடு அப்படியே நின்றார்.

“சேலமா? எப்ப கேட்டாங்க?”

“நேத்துண்ணே.”

“அதான் ரெண்டு நாளா மழை வருமா வருமான்னு என் உயிர வாங்கினியா?”

வனிதா பெருமூச்சு விட்டார். “ரெண்டு ஆளுன்னா மேலிடத்துல ஒத்துக்க மாட்டாங்க, ஜெயபிரகாஷ். சுற்றறிக்கையப் பத்தி நான் பேசறேன். ஆனா என் பேச்சு அங்க எவ்வளவு எடுபடும்னு எனக்கே தெரியாது. போஸ்டிங் தள்ளிப் போகும். போகாமலே கூடப் போகலாம்.”

“சரிங்க மேடம்.”

மேனகாவுக்குப் போன் போட்டான். நடந்ததை ஒளிக்காமல் சொன்னான்.

“ஏனுங்க, அந்த நட்டெல்லாம் இப்ப இறுக்கமா இருக்குதுங்களா?”

“இருக்குது.”

“அப்ப அது போதுமுங்க. மாசம் ஒருக்காவே வாங்க. முழுசா வாங்க” என்று வைத்துவிட்டாள்.

சின்னராஜ் வண்டியைக் கிளப்பப் போனபோது வனிதா கையைக் காட்டி நிறுத்தினார். சாமான் பெட்டியிலிருந்து ஸ்பேனரை எடுத்து ஜீவானந்தத்திடம் நீட்டினார்.

“நட்டை இறுக்கினது நானு. நான் பாக்கக் கூடாது. நீங்க பாருங்க.”

ஜீவானந்தம் குனிந்து ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். ஒன்றுகூட அசையவில்லை. இருந்தாலும் மேலாளர் செய்த வேலையில் குறை சொல்லக் கிடைத்த வாய்ப்பை விட அவருக்கு மனசு வரவில்லை.

“பரவாயில்ல மேடம்” என்றார். “ஆனா சக்கரத்துல செருப்புக் கறை இருக்கு.”