மடியில் வந்த பை

நீர்வேலிப் பஞ்சலிங்கம் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கியது பஸ் கூலியை மிச்சம் பிடிக்கத்தான். தோட்டத்து வாழைக்குலைகளை நாள்தோறும் யாழ்ப்பாணச் சந்தைக்குக் கொண்டுபோகிறவன் அவன். பஸ்களை அரசாங்கம் எடுத்துப் பத்து வருடமாகியும் கொண்டக்டர்மார் மாறவில்லை. ஆளுக்கு ஒரு டிக்கட், குலைக்கு ஒரு டிக்கட் என்று கிழித்துக் கொடுத்ததில், பயணம் போவது குலைகள்தான், நான் வெறும் துணைக்குப் போகிறேன் என்றே அவனுக்குத் தோன்றிவிட்டது. இப்போது பக்கத்துக்கு இரண்டு குலையைக் கட்டிக்கொண்டு நினைத்த நேரம் புறப்படலாம். தாய் இரத்தினம்மா, மிச்சம் பிடிக்கும் காசில் கிணற்றுக்குத் தண்ணீர் இறைக்கும் மிசின் பூட்டுகிற யோசனையில் இருந்தாள்.

எல்லாம் சரி. மூன்றாம் நாளே பஞ்சலிங்கத்துக்கு மடி வெறுமையாகத் தெரியத் தொடங்கியது.

விஷயம் இதுதான். நீர்வேலியில் ஏறுகிறவனுக்கு பஸ்சில் இடம் கிடைக்கும்; கோப்பாயில் ஏறுகிறவர்களுக்குக் கிடைக்காது. நிற்கிறவரின் பையை இருக்கிறவர் வாங்கி மடியில் வைத்துக்கொள்வது வழக்கம். கோப்பாயில் ஏறும் பாலேஸ்வரி ரீச்சரின் பை இரண்டு வருடமாக அவன் மடியில்தான் வந்தது. பிள்ளைகளின் கொப்பிகள், ஒரு குடை, இடியப்பப் பார்சலின் இளஞ்சூடு. நீட்டும்போது அவள் ஒன்றும் சொல்லமாட்டாள். வாங்கும்போது இவனும் சொல்லமாட்டான். நல்லூர் தாண்டி அவள் இறங்கும்வரை அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அசையாமல் இருப்பான். இரண்டு வருடத்தில் ஒரு வார்த்தை கதைத்திருக்கலாம். வாயில் என்ன கொழுக்கட்டையோ தெரியாது.

இப்போது அதே பஸ்சுக்குப் பின்னால் புகையைக் குடித்துக்கொண்டு போனான். முந்திப்போக வழி இருந்தும் போகவில்லை. இன்று அந்தப் பை யாருடைய மடியில் இருக்கிறதோ என்ற நினைப்பு நெஞ்சை அரித்தது. அவளைப் பார்க்க ஆசையாக இருந்தது. அந்தப் பையின் பாரத்தை மடியில் தாங்க அதைவிட ஆசையாக இருந்தது.

ஒரு மாதம் பொறுத்தான். பிறகு ஒரு திங்கட்கிழமை கோப்பாய்ச் சந்தியில், பஸ்சுக்கு நின்ற அத்தனை பேருக்கும் முன்னால், மோட்டார் சைக்கிளை அவளருகில் கொண்டுபோய் நிறுத்தினான். அவளை ஏறச் சொல்ல முடியாது. கலியாணமாகாத பெண்ணைப் பின்னால் இருத்திக்கொண்டு போனால் ஊர் இரண்டு பேரையும் உரித்துவிடும். ஆனால் பை ஏறலாம்தானே? புத்திசாலி அப்படித்தான் கணக்குப் போட்டிருந்தான்.

"பையைத் தாங்கோ ரீச்சர். பள்ளிக்கூட வாசலிலை குடுத்திட்டுப் போறன்."

சந்தி முழுதும் திரும்பிப் பார்த்தது. அவள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"பஸ்சுக்குள்ளை எண்டால் ஒருத்தரும் ஒண்டும் நினையாயினம்."

மறுத்தாளா, கூப்பிட்டாளா? அன்று முழுவதும் அவனுக்கு யாவாரம் ஓடவில்லை. மறுநாள் மோட்டார் சைக்கிளைக் கொட்டிலுக்குள் விட்டுவிட்டு, தாய் வாயில் கைவைத்து நிற்க, குலைகளோடு பஸ் ஏறினான்.

ஏறிப் பார்த்தால் இடமில்லை. ஒரு மாதத்துக்குள் அவனுடைய சீற்றில் வேறொருவர் குடியேறியிருந்தார். குலை வெட்டும் கத்தியும் வாழைப்பாலின் கயர் ஊறிய சாக்கும் திணித்த பையைக் கையில் பிடித்துக்கொண்டு கம்பியில் தொங்கினான். கோப்பாயில் ஒரு கிழவர் இறங்க, ஏறிய பாலேஸ்வரிக்கு அவருடைய இடம் கிடைத்தது. அவளுடைய பை அவள் மடியிலேயே இருந்தது. எல்லாம் போச்சு என்று அவன் யன்னலுக்கு வெளியே பார்த்தான். அழுகைதான் வந்தது.

யாரோ அவனுடைய சேட்டு நுனியைத் தொட்டமாதிரி இருந்தது. திரும்பினான். அவள் தன் பையைக் காலடியில் வைத்துவிட்டு, வெறுமையான மடிக்கு மேலே அவனைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டிக்கொண்டிருந்தாள். வெள்ளைச் சீலை, அன்றுதான் கஞ்சி போட்டுக் கட்டியது.

"வாழைக்கயர் ரீச்சர்," என்றான் பதறி. "சீலையிலை பட்டால் ஆயுசுக்கும் போகாது."

"தெரியும்," என்றாள் அவள். "தாங்கோ."